ஆட்சேபம் இல்லாத ஏஜென்ட்

அந்த நாடாளுமன்றத் தொகுதி இப்போது இல்லை. ரயில் நிலையத்துக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் நடுவில், நகரத்தின் வயிற்றில் இருந்த தொகுதி. எல்லைகளைத் திருத்த வந்த குழு ஒரு நல்ல நாள் பார்த்து அதை மூன்றாகக் கிழித்து, பக்கத்துத் தொகுதிகளுக்கு ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிட்டது. அது உயிரோடு இருந்தவரை அதில் ஒரே கட்சிதான் ஜெயித்தது, ஒரே கட்சிதான் தோற்றது. அங்கே யாரும் கட்சிகளின் பெயரைச் சொல்லிக் கஷ்டப்படவில்லை. ஜெயிக்கிற கட்சி, தோற்கிற கட்சி என்றால் பச்சைக் குழந்தைக்கும் விளங்கும்.

தோற்கிற கட்சிக்குக் கடைசிவரை தலைமை ஏஜென்டாக இருந்தவரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன். வேட்பாளரின் சார்பில் வாக்கு எண்ணும் கூடத்தில் நின்று, எண்ணிக்கையில் கோளாறு என்று பட்டால் வாயைத் திறந்து ஆட்சேபம் சொல்வது தலைமை ஏஜென்டின் வேலை. இவர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்த்தார். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்.

லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது திருப்புளியை எடுப்பதல்ல, பேசுவது. உள்ளே இருப்பவர் கதவை உதைப்பார், கத்துவார், குலதெய்வத்திலிருந்து கட்டட முதலாளிவரை எல்லோரையும் கூப்பிடுவார். லிஃப்ட்காரர் கதவிடுக்கில் வாயை வைத்து, "ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க, ஒண்ணுமே இல்ல" என்பார். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. கத்தியவர்கள் அடங்கிப் போவார்கள். வருஷக்கணக்காக இதையே சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தை அவருக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் குழாய் வெடித்தாலும் அதையேதான் சொல்வார்.

தொகுதியின் வரலாறு நீளமானது, ஆனால் சிக்கலானதல்ல. முதல் தேர்தலில் ஜெயித்தவர் ஒரு வக்கீல். சந்து சந்தாக வீடுகளும் மாடிக்கு மாடி குடித்தனங்களுமாக எள் போட இடமில்லாத காலம் அது. வாக்களிக்க நின்ற வரிசை சினிமாக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய், படம் பார்க்க வந்தவர்களில் சிலரும் வாக்களித்துவிட்டதாகப் பேச்சு. ஜெயித்த வக்கீல் அதன்பிறகு தொகுதிப் பக்கம் தலைகாட்டவில்லை. நாடாளுமன்றத்தில் அவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் படம் பத்திரிகையில் வந்தது. அடுத்த தேர்தலில் அவருக்கு வாக்கு கூடியது. பாவம், அலைச்சல் என்று ஜனங்கள் நினைத்திருக்க வேண்டும். அவர் செத்த பிறகு அவருடைய தம்பி மகன் நின்றார், ஜெயித்தார், அவரும் வரவில்லை.

தோற்கிற கட்சி சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு முறை டாக்டரை நிறுத்தியது. தொகுதியில் பாதிப் பேரைப் பிழைக்க வைத்தவர். பிழைத்தவர்கள் எதிர்த்தரப்புக்கு வாக்களித்தார்கள். ஒரு முறை ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை நிறுத்தியது. அவர் வீடு வீடாகப் போய் வாக்காளர்களின் பழைய மதிப்பெண்களை ஞாபகப்படுத்தினார். டெபாசிட் காலி. இன்னொரு முறை நின்ற பலசரக்குக் கடைக்காரர், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜெயிக்கிற கட்சிக்குத் தாவிவிட்டார். கட்சிக்காரர்கள் தாங்கள் ஒட்டிய சுவரொட்டிகளைத் தாங்களே கிழித்துக்கொண்டு அலைந்தார்கள். பசை நல்ல பசை, லேசில் வரவில்லை.

இதற்கிடையில் வீடுகள் இடிந்து அலுவலகங்கள் எழுந்தன. பகலில் ஜே ஜே என்று இருக்கும் தெருக்களில் சாயங்காலமானால் காவல்காரர்கள்தான் மிச்சம். குடியிருந்தவர்கள் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு லிஃப்ட், சிலவற்றுக்கு இரண்டு. லிஃப்ட் கூடக் கூட வாக்காளர்கள் குறைந்தார்கள். லிஃப்ட்காரருக்கு வேலை பெருகியது, அவருடைய கட்சி தேய்ந்தது. இரண்டையும் அவர் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டார்.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தொகுதியில் அவர் டிரைவிங் டீச்சர். அவருடைய காரில் இரண்டு பிரேக். ஒன்று மாணவரின் காலடியில், மற்றொன்று டீச்சரின் காலடியில். டீச்சரின் அண்ணன்தான் ஜெயிக்கிற கட்சியின் தலைமை ஏஜென்ட். அதாவது மச்சானும் மாப்பிள்ளையும் ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே கூடத்தில் எதிரெதிராக நிற்பார்கள். எதிராக நிற்பதென்பது பேச்சுக்குத்தான். மூன்றாவது மேஜை எண்ணி முடிந்ததும் மச்சான் கையை நீட்டுவார்: "என்ன மாப்ளே, முடிச்சுக்கலாமா?" லிஃப்ட்காரர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்குவார். அதிகாரி, "ஏஜென்ட்கள் யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்ல சார்." எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்கள். இது அந்தத் தொகுதியின் எழுதாத சட்டம். மாற்றலாகிப் போகும் தேர்தல் அதிகாரி, வருகிறவரிடம், "அந்த லிஃப்ட்காரர் தங்கமான மனுஷன், தொல்லையே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போவாராம். அதில் லிஃப்ட்காரருக்கு உள்ளூரப் பெருமை. ஜெயிக்கத் தெரியாவிட்டால் என்ன, தோற்கத் தெரிகிறதே.

தொகுதியைக் கலைக்கப் போகிறார்கள், வருகிற தேர்தல்தான் கடைசி என்று அறிவிப்பு வந்தது. தோற்கிற கட்சியின் கூட்டம் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் நடந்தது. யார் நிற்பது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். டாக்டருக்கு முழங்கால் வலி. தலைமையாசிரியருக்குத் தன்மானம். வீட்டுச் சாவியை லிஃப்ட்காரர் சட்டைப் பையிலேயே கொண்டு போய்விட்டதால் அதை வாங்க வந்த டீச்சர், வாசலில் நின்று கொஞ்ச நேரம் இந்த மௌனத்தைக் கேட்டார்.

"நான் நிக்கிறேன்" என்றார்.

கூட்டம் மூச்சு விட்டது. ஒருவர் உடனே டீ சொல்லப் போனார். மனம் மாறிவிடப் போகிறதே என்ற பயம்.

வீட்டுக்கு வரும் வழியில் லிஃப்ட்காரர் மெல்லக் கேட்டார். "எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?"

"ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு வந்து, நல்லா சாப்பிட்டுட்டு, காலை நீட்டித் தூங்குறீங்க. பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. நான் ஜெயிக்கணும்னு நிக்கிறேன்." டீச்சர் நடப்பதை நிறுத்தினார். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நான் தோத்தா தோத்துட்டுப் போறேன். எனக்கு முன்னாடி நீங்க தோத்துடாதீங்க."

"சேச்சே" என்றார் லிஃப்ட்காரர். அப்போது அதை அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

டீச்சரின் பிரசாரம் சுருக்கமானது. "இதுதான் கடைசித் தேர்தல். அதனால நான் ஜெயிச்சாலும் மறுபடி ஓட்டு கேட்டு உங்க வீட்டுக்கு வர மாட்டேன்." அந்தத் தொகுதியில் எந்த வேட்பாளரும் இத்தனை நல்ல வாக்குறுதி கொடுத்ததில்லை. மேலும், மிச்சமிருந்த வாக்காளர்களில் பலர் டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்து வழிந்தவர்கள். லாரி எதிரே வந்தபோது, "ஒண்ணும் பண்ணாதீங்க, நேரா போங்க, நான் இருக்கேன்" என்று சொன்ன ஆளை மனுஷன் மறப்பானா? இரண்டு முறை லைசென்ஸ் பரீட்சையில் தோற்றவர்கள் மட்டும் கதவைத் திறக்கவில்லை.

ஜெயிக்கிற கட்சியிலும் பெரிய தலைகள் ஒதுங்கிக்கொண்டன. ஒரே தவணையில் இல்லாமல் போகும் தொகுதி யாருக்கு வேண்டும்? பழைய வக்கீலுடைய தம்பி மகனின் மருமகன் தலையில் கட்டினார்கள். அந்த மருமகன் ஓர் அலுவலகத்தில் வாக்குக் கேட்கப் போய், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டான். யாரைக் கூப்பிடுவார்கள்? லிஃப்ட்காரர் ஓடினார், கதவிடுக்கில் வாயை வைத்து ஆறுதல் சொன்னார், வெளியே எடுத்துத் தண்ணீரும் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போயிருக்கக் கூடாதாண்ணே?" என்று கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"மாட்டிக்கிட்டவன்கிட்ட கட்சி பார்க்க முடியுமா?" என்றார் லிஃப்ட்காரர்.

"அவர் செஞ்சது சரி" என்றார் டீச்சர். அந்த விஷயத்தில் டீச்சருக்கு வருத்தமே கிடையாது.

வாக்கு எண்ணிக்கை நகராட்சியின் பூப்பந்து அரங்கில் நடந்தது. வலைகளைக் கழற்றி மூலையில் சுருட்டி வைத்துவிட்டு மேஜைகளைப் போட்டிருந்தார்கள். முதல் மேஜையில் மருமகன் முன்னே இருந்தான். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது மேஜை முடிந்ததும் மச்சான் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அதுவே அவருக்குப் பெரிய காரியம், நெற்றி வேர்த்துவிட்டது.

நான்காவது மேஜையிலிருந்து கதை மாறியது. பழைய சந்துகளின் வாக்குகள் அங்கேதான் இருந்தன. இடைவெளி குறையக் குறைய அரங்கில் பேச்சு நின்றது. மச்சான் உட்காரவே இல்லை. டாக்டர் முழங்கால் வலியை மறந்து மேஜைக்கு மேஜை ஓடினார். டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றார். வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

கடைசி வாக்குச்சீட்டுக் கட்டும் எண்ணி முடிந்தது. அதிகாரி ஏஜென்ட்களை மேஜைக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். மருமகன் பதினேழு வாக்கு முன்னே.

பதினேழு. அந்தத் தொகுதியில் தோற்கிற கட்சி அதுவரை வாங்கிய அடிகளைப் பார்த்தால், அது அடியே இல்லை, தட்டிக்கொடுத்தல். எந்த மேஜையிலாவது ஒரு கட்டு இடம் மாறியிருந்தால் போதும்.

மச்சானின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். "என்ன மாப்ளே, முடிச்சுக்கலாமா?"

லிஃப்ட்காரரின் கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொண்டது.

"ஏஜென்ட்கள் யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கையை உருவப் பார்த்தார்; மச்சான் சந்தோஷத்தில் இறுக்கிப் பிடித்திருந்தார். திரும்பினால், கைக்கெட்டும் தூரத்தில் டீச்சர். கோபமாகப் பார்த்திருந்தாலாவது தேவலை. பழக்கப்பட்ட மாணவன் பழக்கப்பட்ட இடத்தில் வண்டியை அணைத்துவிட்டால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் பார்த்தார்.

"எனக்கு இருக்கு" என்றார் டீச்சர்.

"பாப்பா, மாப்ளேயே இல்லைன்னு சொல்லிட்டாரு" என்றார் அண்ணன். ஐம்பதைத் தாண்டிய தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"ஏஜென்டுக்கு இல்லண்ணா. வேட்பாளருக்கு இருக்கு. மறுபடி எண்ணச் சொல்லுங்க சார்."

மறுபடி எண்ணினார்கள். அன்றைக்கு யாரும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. லிஃப்ட்காரர் ஒவ்வொரு கட்டையும் கண் கொட்டாமல் பார்த்தார். தன் வாழ்நாளில் எதையும் அவர் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. முடிவில் வித்தியாசம் பதினேழு இல்லை என்பது உறுதியானது. இருபத்தொன்று.

டீச்சர் மருமகனுக்குக் கை கொடுத்தார், அண்ணனுக்குக் கை கொடுத்தார், அதிகாரிக்கு நன்றி சொன்னார். அழவில்லை. காரை அவரே ஓட்டினார். ஆளில்லாத திருப்பத்திலும் முறையாக விளக்குப் போட்டுத் திரும்பினார். லிஃப்ட்காரரால் பொறுக்க முடியவில்லை.

"மறுபடி எண்ணியும் நாமதானே தோத்தோம்" என்றார்.

"ஆமா."

"அப்ப, நான் இல்லைன்னு சொன்னதால ஒண்ணும்…"

"ஒண்ணும் ஆகல. இந்தப் பதவி கிடைக்கலைன்னு நான் ஒரு வாரத்துல மறந்துடுவேன்." டீச்சர் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வந்த பேருந்துக்கு வழி விட்டார். "எனக்காக ஒரே ஒரு தடவை 'இருக்கு'ன்னு சொல்லியிருக்கலாம். நான் கேட்டது அவ்வளவுதான்."

சொன்னபடி ஒரு வாரத்தில் டீச்சர் மறந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. பேசினார், சிரித்தார், அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தார். ஆனால் வீட்டில் ஒன்று மட்டும் நின்றுபோனது. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும், "நீங்க போய் ஒரு வார்த்தை கேளுங்க" என்பார். மேல்வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகினாலும், கடைக்காரன் உடைந்த சாமானைத் தலையில் கட்டிவிட்டாலும் இவரைத்தான் அனுப்புவார். இவரும் போய், எதிராளியின் கஷ்டத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, "பரவாயில்ல விடு" என்று திரும்பி வருவார். டீச்சர் திட்டுவார். அடுத்த முறையும் இவரையே அனுப்புவார். இப்போது டீச்சர் எதற்கும் அவரை அனுப்பவில்லை. தானே மாடியேறிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு, தானே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். சாமான் நல்லதாக வந்தது. ஒழுகல் நின்றது. லிஃப்ட்காரர் அந்தக் காய்ந்த கூரையை அடிக்கடி அண்ணாந்து பார்த்தார். திட்டு வாங்காத மனுஷனாக வீட்டில் நடமாடுவது எவ்வளவு கேவலம் என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

தொகுதி கலைந்தது. மருமகன் எழுதிய கடைசிச் சுற்றறிக்கைகூட முழுசாக எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. இவர்கள் தெரு வடக்குத் தொகுதிக்குப் போனது, மச்சான் வீடு கிழக்குக்கு. வடக்குத் தொகுதி பெரிய தொகுதி. அங்கேயும் தோற்கிற கட்சி தோற்றுக்கொண்டிருந்தது, ஆனால் விசாலமாக. தேர்தல் வந்தபோது, அனுபவசாலி என்று லிஃப்ட்காரரையே தலைமை ஏஜென்டாகப் போட்டார்கள். கண்ணாடிக் கடை வைத்திருந்த வாலிபன் வேட்பாளர். டீச்சருக்கு ஏழாவது மேஜையில் எண்ணிக்கையைக் கவனிக்கும் வேலை.

நாற்பதாயிரத்துக்கும் மேல் வித்தியாசம். முடிவு தெரிந்து வெகு நேரமாகியிருந்தது. பாதிப் பேர் பைகளைத் தோளில் மாட்டியிருந்தார்கள். புதிய தொகுதியின் எதிர்த்தரப்பு ஏஜென்ட், கேள்விப்பட்டிருந்த ஆள் போலிருக்கிறது, மரியாதையாகச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

லிஃப்ட்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏஜென்ட்கள் யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அதிகாரி எழுந்துவிட்டார்.

"இருக்கு."

அதிகாரி மறுபடி உட்கார்ந்தார். "என்ன ஆட்சேபம்?"

அதை லிஃப்ட்காரர் யோசித்து வைக்கவில்லை. "மறுபடி எண்ணணும்" என்றார்.

"ஐயா, வித்தியாசம் நாப்பதாயிரத்துக்கு மேல."

"தெரியும் சார்."

"அண்ணே, எனக்குப் பசிக்குதுண்ணே" என்று வேட்பாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அரங்கில் யாரோ சிரித்தார்கள், பிறகு பலர் சிரித்தார்கள். லிஃப்ட்காரரின் காது மடல் சிவந்தது. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"காரணம் இல்லாததால நிராகரிக்கிறேன்" என்றார் அதிகாரி. "வேற ஏதாவது ஆட்சேபம் இருக்கா?"

"இருக்கு சார்."

அப்போதுதான் அவருக்கு ஏழாவது மேஜைப் பக்கம் பார்க்கத் தைரியம் வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கையில் இருந்த பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். கண் கலங்கியிருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே வழி செய்துகொண்டு வந்து, அதிகாரியின் மேஜை முன்னால் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"போதும், வாங்க" என்றார். "போற வழியில சலவைக் கடைக்குப் போகணும். அந்த ஆள் என் புதுச் சட்டையைச் சுருக்கி வச்சிருக்கான். நீங்க கொஞ்சம் கேளுங்க."